கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு அலைக்குளம்

"ஒரகடம் பக்கம் என்னங்க இருக்கு, கம்பெனியும் கன்டெய்னர் லாரியும்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். வீக் ஆஃபோடு ஒரு நாள் லீவு சேர்ந்து கிடைத்தால் போதும், ஊட்டி, ஏற்காடு என்று கிளம்பி, பாதி விடுமுறையை ரோட்டிலேயே தொலைத்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று குடும்பத்தோடு இரண்டு நாள் நம்ம ஏரியாவையே சுற்றினோம். அப்படி ஒரு சந்தோஷம்!

முதல் இடம் குயின்ஸ்லேண்ட். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் நெடுஞ்சாலையில், பழஞ்சூரில் 2003 முதல் இருக்கிறது. ராட்டினம், ரோப் கார் எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. கேட்டைத் தாண்டியதும் பிள்ளைகள் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அலைக்குளம் இருக்கிறதே! முதலில் தண்ணீர் சும்மா கிடக்கிறது. முழங்கால் ஆழத்தில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறோம். திடீரென்று ஒரு கூச்சல் கிளம்பும், முதல் அலை வரும். அடுத்தது அதைவிடப் பெரிது. அதற்கடுத்தது ஆளையே தூக்கிப் போட்டுவிடும். "நான் வரலம்மா, கரையிலேயே உட்கார்ந்துக்கிறேன்" என்று பிடிவாதம் பிடித்த அத்தை, பேத்தி கையைப் பிடித்து இழுத்ததும் படி வரைக்கும் வந்தார். ஒரு அலை காலை நனைத்தது. அடுத்த அலையில் இடுப்பு வரை இறங்கிவிட்டார். அப்புறம் அவரை வெளியே கூப்பிட நாங்கள்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. "மெரினாவுல கூட இவ்வளவு தைரியமா நின்னதில்லடி" என்று மூச்சு வாங்கச் சொன்னார். முகமெல்லாம் பூரிப்பு.

என் கணவர் வண்டி கம்பெனியில் மெயின்டனன்ஸ். குளத்தில் நின்றுகொண்டே மகனுக்குப் பாடம் எடுத்தார். "பல இடத்துல ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னாடி அறை கட்டி, புளோயர் வெச்சிருப்பாங்க. அறைக்குள்ள காத்தை அடிச்சா தண்ணி கீழே அமுங்கும், காத்தைத் திறந்து விட்டா மேல எழும்பும். அதையே மாத்தி மாத்திச் செஞ்சா அலை. எங்க ஷாப் ஃப்ளோர்ல ஓடுற அதே காத்துதான்டா." வேலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மகன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

வெளிநாடுகளில் இதையெல்லாம் கூரைக்குள் கட்டுகிறார்கள். கனடாவின் எட்மன்டனில் ஒரு மாலுக்குள்ளேயே 1986இல் நீர்ப்பூங்கா வந்துவிட்டது. பெர்லினுக்குத் தெற்கே, ஆகாயக் கப்பல் செய்வதற்காக ஒரு கம்பெனி 107 மீட்டர் உயரத்துக்கு ஷெட் போட்டது. கம்பெனி நொடித்துப்போனது. 2004இல் அந்த ஷெட்டுக்குள்ளேயே மணலைக் கொட்டிக் கடற்கரையும் குளமும் அமைத்துத் திறந்துவிட்டார்கள்! ஒரகடத்து ஷெட்டுகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். ஆனால் அவர்களுக்குக் கூரை வேண்டியது பனிக்காக. வாரமெல்லாம் ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஷிப்ட் பார்க்கும் நம் ஆட்களுக்கு, தலைக்கு மேலே வானம் தெரிய நனைவதுதான் சுகம்.

சாயங்காலம் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்க்கப் போனோம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, சென்னைக்கே குடிதண்ணீர். "இதுல எப்போம்மா அலை விடுவாங்க?" என்று கேட்டாள் மகள்.

மறுநாள் காலை ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர். இங்கே இருக்கும் அவர் திருமேனியைத் 'தான் உகந்த திருமேனி' என்பார்கள். அவரே பார்த்து மகிழ்ந்ததாம். மாமனார் சந்நிதியை விட்டு நகரவே இல்லை. அங்கிருந்து ராஜீவ் காந்தி நினைவிடம். 2003இல் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது திறந்து வைத்தது. நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பச்சைப் புல்வெளி. 1991 மே 21 இரவு நடந்ததை மாமனார் பேரனுக்கு மெதுவாகச் சொன்னார்.

மதியம்தான் உச்சம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளியே வர ஆரம்பித்த பிறகு, இந்த வட்டாரத்தில் கொரிய எழுத்துப் பலகைகள் சர்வ சாதாரணம். அப்படி ஒரு சின்ன ஓட்டலுக்குள் தைரியமாக நுழைந்தோம். கிண்ணம் கிண்ணமாகப் பக்கவாத்தியங்கள். கிம்ச்சியை ஒரு வாய் வைத்த அத்தை, "முட்டைக்கோஸ்ல ஊறுகாய் போட்டுப் புளிக்க வெச்சிருக்கான், தயிர்சாதம் கேட்டுப் பாரேன்" என்றார். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே வெறும் சாதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கிம்ச்சி கிண்ணம் காலியானது!

கடைசியாக வல்லக்கோட்டை முருகன். ஒரகடத்துக்குப் பக்கம், அருணகிரிநாதர் பாடிய தலம். ஏழடி உயரத்தில் வள்ளி தெய்வானையோடு நிற்கிறார். இரண்டு நாள் ஆட்டம் போட்ட பிள்ளைகள்கூட அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறோம். 1990இல் திறந்தது, ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். பந்தயம் நடக்கும் வார இறுதியாகப் பார்த்துப் போக வேண்டும்.

கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நீர்ப்பூங்காவுக்குப் பருத்தித் துணி வேண்டாம். தண்ணீரில் கனத்துப்போகும், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். நைலான், பாலியஸ்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தால் ஒரகடத்திலிருந்து நேர் ரோடு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த வீக் ஆஃபுக்கு, வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் இங்கே வாருங்கள்.