உருக்கும் பொன், கோக்கும் பொன்

பரம்பரை நகைக்கு எடையைத் தாண்டிய மதிப்பு உண்டு என்பதில் யாழ்ப்பாணத்தாருக்கும் செட்டிநாட்டாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அந்த மதிப்பை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் வழிதான் வேறு.

யாழ்ப்பாணத்தில் கல்யாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். ஆசாரியார் வீட்டுக்கே வந்து, கரி நெருப்பு மூட்டி, உறவினர் முன்னிலையில் தாலிக்கான பொன்னை உருக்குவார். உருகித் திரண்ட பொன் வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு தட்டில் ஏறிச் சபையோர் எல்லார் கண்ணிலும் படும். அப்பம்மாவின் காப்பில் ஒரு துண்டு அதில் சேர்ந்தால், உருவம் போனாலும் உறவு போவதில்லை.

செட்டிநாட்டு நகரத்தாரின் தாலியான கழுத்துரு உருக்கப்படுவதில்லை. முப்பதுக்கு மேற்பட்ட பொன் உருப்படிகளை மஞ்சள் நூலில் கோத்து, கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குத் திருப்பூட்டுவார்கள். கணவரின் அறுபதாம் கல்யாணத்தில் அது மீண்டும் கழுத்துக்கு வரும். நூல் புதிது, பொன் பழையது. அப்பத்தா பூண்ட அதே உருப்படியைப் பேத்தி தொட்டுப் பார்க்கலாம்.

சொத்துரிமையிலும் வழிகள் பிரிகின்றன. ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமை, தாயின் சீதனத்தை மகளுக்கும் தந்தையின் பரம்பரைச் சொத்தான முதுசத்தை மகனுக்கும் ஒதுக்கியது. இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சமம் நியாயம்தான். ஆனால் ஒரே கழுத்துருவுக்கு நான்கு பங்காளிகள் என்றால், தராசு வந்துவிடுகிறது.

கழுத்துரு நிலைக்க நிலையான வீடு வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது வாய்க்கவில்லை. 1995 அக்டோபரில் போர் நெருங்கி, அங்குள்ள வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்தபோது, மடியில் கட்டிய நகைதான் அரிசிக்கும் மருந்துக்கும் கைகொடுத்தது. நகை போன வீடுகளிலும் பொன்னுருக்கு நிற்கவில்லை. ஒரு பொற்காசு இருந்தால் போதும். லண்டனிலும் டொராண்டோவிலும் அது இன்றும் நடக்கிறது.

இரண்டு வழக்கத்துக்கும் இன்றைய ஆபத்து ஒன்றே: 'பழைய நகைக்குப் புதுநகை'. கடையில் கொடுத்த அம்மாவின் வளையல் யாருடைய பொன்னோடோ கலந்துவிடுகிறது. நம் கைக்கு வருவது வேறு பொன். சேதாரம், செய்கூலி எல்லாம் கணக்கில் வரும். ஆனால் அம்மாவின் பொன்னை இழந்தது எந்த ரசீதிலும் வராது. ஆகவே, முடிந்தால் அப்படியே காப்பாற்றுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து, கண்முன்னே உருக்கி, அதே பொன்னில் செய்து வாங்குங்கள்.