பாணந்துறை வாதமும் புவியீர்ப்பும்: ஒரு நோக்கு

1873 ஆகஸ்ட் 26, 28 ஆம் திகதிகளில் நடைபெற்ற பாணந்துறை வாதம் பௌத்த மறுமலர்ச்சியின் திருப்புமுனையாகப் போற்றப்படுகின்றது. அங்கே புவியும் ஈர்ப்பும் விசாரணைக்குள்ளாகின என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேரு மலை உண்டென்பதைக் கிறித்தவத் தரப்பினர் மறுத்தபோது, மிகெட்டுவத்தே குணானந்த தேரர் திசையறி கருவியின் முள் வடக்கு நோக்குவதையே மேருவுக்குச் சான்றாக்கினார். நியூற்றனை மறுத்து மொரிசன் என்னும் ஆங்கிலேயச் சோதிடர் எழுதிய நூலையும் எடுத்துக்காட்டினார்.

தேரரின் நாவன்மை ஐயத்துக்கிடமற்றது. அந்நியராட்சியில் இகழப்பட்ட ஒரு சமயத்தின் தன்மானக் குரல் அது. ஆயின் வாதத்தில் வெல்லுதல் வேறு. விளக்கம் நிலைபெறுதல் வேறு. தமக்கு உகந்த முடிவைக் கூறும் நூல் கிடைத்ததும் விசாரணை முடிந்ததெனக் கொண்டமையே அவ்வுரையின் குறை.

இக்குறை இன்றும் ஒழிந்திலது. தட்டைப்புவிக் கொள்கையினருட் சிலர், புவித்தட்டு மேல்நோக்கி ஆர்முடுகிச் செல்வதாலேயே பொருள்கள் வீழ்வதுபோல் தோன்றுகின்றன என்பர். இதனை எள்ளி நகையாடுதல் எளிது, அது திறனாய்வாகாது. மூடிய சிற்றறையினுள் இருப்பவன் ஈர்ப்பையும் ஆர்முடுகலையும் வேறுபிரித்தறிய இயலாதென்னும் கருத்தை ஐன்ஸ்டைனே 1907 இல் முன்வைத்தார். எனினும் அறையை விட்டு வெளியேறி ஊர்தோறும் அளந்தால் இவ்விளக்கம் தகர்கின்றது. ஒரே தட்டு எழுமாயின் பொருள்கள் வீழும் ஆர்முடுகல் எங்கும் ஒன்றாதல் வேண்டும். அதுவோ, செக்கனுக்குச் செக்கன், மத்தியகோட்டில் 9.78 மீற்றர், முனைவுகளில் 9.83 மீற்றர். 1672 இல் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குச் சென்ற ரிஷே என்பார், தமது ஊசற் கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். கல்முனைக் கரையில் நிற்கும் நமக்குச் சான்று இன்னும் அண்மையது. இலங்கைக்குத் தெற்கேயுள்ள கடலில் ஈர்ப்பு நலிந்திருப்பதால், அங்கே நீர்மட்டம் புவியின் சீரான வடிவத்தைக் கொண்டு கணித்த மட்டத்திலும் ஏறத்தாழ 100 மீற்றர் தாழ்ந்துள்ளது.

இவ்விடத்தே இமாம் கஸ்ஸாலி நினைவுகூரத்தக்கவர். மெய்யியலாளரைக் கண்டித்து அவர் எழுதிய ‘தஹாபுதுல் பலாஸிபா’வின் முன்னுரையிலேயே, கிரகணம் பற்றிய கணித நிறுவல்களை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே ஊறு விளைவிக்கின்றார் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

குணானந்தரின் குறை அவர் சமயத்துக்கு மட்டும் உரியதன்று. நம் மேடைகளிலும், நம் கட்டுரைகளிலும், எதிர்த்தரப்பை வாயடைக்கும் ஒரு நூற்பெயரைச் சான்றென நாம் மயங்குவதுண்டு. எவ்வளவைக்கு முன் தோற்கக்கூடும் என்று சொல்லத் துணியாத கொள்கை, கைதட்டல் பெறலாம், அறிவாகாது.