தானே கற்றுக்கொள்ளும் நூலகர்: பலமும் பலவீனமும்

கல்லூரி நூலகர் இன்று செய்யும் வேலைகளில் பல, அவர் பட்டம் வாங்கியபோது பாடத்திட்டத்தில் இல்லாதவை. கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைச் சர்வரில் நிறுவ வேண்டும். பேராசிரியருக்கு, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் எடுத்துத் தர வேண்டும். மாணவர் வீட்டிலிருந்தே மின்னிதழ் படிக்க வழி செய்ய வேண்டும். இவற்றைப் பலரும் வேலையினூடேதான் கற்கிறார்கள்: சக நூலகரிடம் கேட்டு, யூடியூப் பார்த்து, வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் போட்டு. வகுப்பறைப் பயிற்சியைவிட இந்த முறைசாராக் கற்றலே மேல் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் காட்டக்கூடிய வலுவான சான்று ‘23 திங்ஸ்’ என்ற திட்டம்.

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் அதைத் தொடங்கினார். வலைப்பூ தொடங்குவது, பிளிக்கரில் படம் ஏற்றுவது, விக்கியில் எழுதுவது என 23 சிறு பணிகளை ஊழியர்கள் ஒன்பது வாரங்களில் தாங்களே செய்து பார்க்க வேண்டும். கற்றதைத் தம் வலைப்பூவில் எழுத வேண்டும். வகுப்பு இல்லை, தேர்வு இல்லை. முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால் பல நாட்டு நூலகங்கள் அவற்றைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. 2010இல் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக நூலகர்களும் தத்தம் பதிப்பை நடத்தினார்கள்.

இந்தத் திட்டத்தின் முதல் பலம், பயத்தைப் போக்குவது. கணினித் திறனுக்குப் பெரிய தடை ‘நம் கை பட்டுக் கெட்டுவிடுமோ’ என்ற தயக்கம். பயிற்சியாளர் திரையில் செய்துகாட்ட, மற்றவர்கள் குறிப்பெடுக்கும் ஒருநாள் பயிலரங்கில் அந்தத் தயக்கம் போவதில்லை. தானே தொட்டுத் தடுமாறும்போதுதான் போகிறது. இரண்டாவது, பதவி வேற்றுமை தளர்வது. மூத்த நூலகர் ‘எனக்கு இது விளங்கவில்லை’ என்று எழுதவும், நேற்று சேர்ந்தவர் விளக்கம் சொல்லவும் அங்கே இடமிருந்தது.

பலவீனங்களும் அதே இடத்தில்தான் முளைக்கின்றன. அன்று புதுமையாக இருந்த கருவிகளில் கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது. வலை முகவரிகளைச் சேமித்துப் பகிர உதவிய டெலிஷியஸும் பின்னர் முடங்கிப்போனது. கருவி போனாலும் துணிவு மிஞ்சும் என்று ஆதரவாளர்கள் சொல்லலாம், அது நியாயமே. ஆனால் துணிவு தேர்ச்சியாகிவிடாது. ஒரு கருவியோடு சிறிது நேரம் பழகி ஒரு பத்தி எழுதுபவருக்கு அறிமுகம் கிடைக்கும். பத்தாயிரம் நூற்பதிவுகளை ஓப்பன் ரிஃபைன் என்ற தரவுச் சீரமைப்புக் கருவியில் சீர்செய்யும் ஆற்றல் அதில் வராது.

அதைவிடப் பெரிய சிக்கல், சகாவிடம் கற்பவர் சகாவின் பிழையையும் சேர்த்தே கற்பது. கோஹாவில் நூல் விவரம் ஏற்றும்போது ஒருவர் ‘வரதராசன், மு.’ என்று இடுவார், இன்னொருவர் ‘மு.வ.’ என்பார், மூன்றாமவர் ரோமன் எழுத்தில் அடிப்பார். ஒரே ஆசிரியர் தேடலில் மூன்று பேராகிவிடுவார். வேலை ஓடுகிறது, புத்தகம் வழங்கப்படுகிறது, பார்கோடு படிக்கப்படுகிறது. ஆகவே பிழை யார் கண்ணிலும் படுவதில்லை. தரவிதி தெரிந்த ஒருவர் திருத்தாதவரை அது பழக்கமாகவே நிலைக்கும்.

சார்லட் திட்டத்தை முறைசாராதது என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். அதற்குக் கால அட்டவணை இருந்தது, வரிசைப்படுத்திய பணிகள் இருந்தன, பரிசுக்கு ஒதுக்கிய பணம் இருந்தது, நிர்வாகத்தின் வெளிப்படையான ஆதரவு இருந்தது. கற்பவருக்குக் கிடைத்த சுதந்திரத்துக்குப் பின்னால் யாரோ திட்டமிட்ட உழைப்பு நின்றது. அந்தப் பின்புலம் இல்லாத இடத்தில் இதே முறை என்ன ஆகிறது என்பதற்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளே உதாரணம்.

கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீடு, நூலகம் தானியக்கமாகியிருக்கிறதா என்று கேட்கிறது. மதிப்பீட்டுத் தேதி நெருங்கும்போது, ஒரே ஒரு நூலகர் உள்ள கல்லூரியில் அவர்தான் வீடியோ பார்த்து, வேலை நேரம் முடிந்தபின் கோஹாவை நிறுவுகிறார். ஒத்திகைக்குத் தனிச் சர்வர் கிடையாது. நடைமுறையில் இருப்பதிலேயே சோதனையும் நடக்கிறது. அவர் வேறு கல்லூரிக்குப் போனால் பேக்கப் எடுக்கும் முறையும் அவரோடு போகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் பதவி உயர்வுக்குக் கேட்பவற்றில் பயிற்சி, பயிலரங்குகளில் கலந்துகொண்டதற்கான சான்றும் ஒன்று. மாதக்கணக்கில் தானே கற்றதற்கு அங்கே தனி இடமில்லை.

ஆக, தொடக்கத் துணிவுக்கும் அனுபவப் பரிமாற்றத்துக்கும் முறைசாராக் கற்றல் ஏற்றது; ஆழத்துக்கும் தரத்துக்கும் அது மட்டும் போதாது. அது இலவசமும் அல்ல. நிர்வாகம் கொடுக்காத நேரத்தை நூலகர் தன் வீட்டு நேரத்திலிருந்து கொடுக்கிறார். வாரத்தில் இரண்டு மணி நேரம் கற்பதற்கென்று பணி அட்டவணையில் இருக்கட்டும். செய்த மாற்றங்களை எழுதிவைக்கும் கையேடு நூலகத்தின் உடைமையாகட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பகுப்பும் பட்டியலும் அறிந்த வெளியாள் ஒருவர் பதிவுகளைச் சரிபார்க்கட்டும். பதவி உயர்வுக் குழு அந்தக் கையேட்டையும் பார்க்கட்டும். பழைய கணினி ஒன்றில் கோஹாவின் இன்னொரு படியை நிறுவி, ‘இதில் எதை வேண்டுமானாலும் கெடுத்துப் பாருங்கள்’ என்று முதல்வர் அனுமதி கொடுப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம். அதற்கு நிதிக்குழுவின் ஒப்புதல்கூடத் தேவைப்படாது.