கரண்ட் வைத்த பிறகு வரும் ரத்தம்

 கொள்ளிடக் கரையில் திருமழபாடிப் பக்கத்தில் புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சுக்கு ‘கரண்ட் வைப்பது’ என்பதே புழக்கத்தில் உள்ள சொல்.

அதன் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு எட்டாத கர்ப்பப்பை வாய்ப் புற்றையும் அது கத்தியில்லாமல் கரைக்கிறது. பெரும்பாலும் ஐந்து வாரத்தில் 25 தடவை வெளியிலிருந்தும், பிறகு சில தடவை உள்ளே குழாய் வைத்தும் கொடுக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957இல் கோபால்ட் கருவி வந்த நாளிலிருந்து எத்தனையோ தாய்மார்கள் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

ஆனால் கர்ப்பப்பை வாய்க்குப் பின்னாலேயே மலக்குடல் ஒட்டிக் கிடக்கிறது. சிகிச்சை நாட்களின் வயிற்றுப்போக்கும் முக்கலும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். என்னை வருத்துவது ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வரும் ரத்தம். குடல் சுவரின் சிறு ரத்தக்குழாய்கள் தூர்ந்து, மெல்லிய புதுக் குழாய்கள் கிளைத்து, மலம் உரசினாலே கசிகின்றன. புற்று போயிற்று என்று நடவுக்குத் திரும்பியவள் விடியற்காலையில் ரத்தத்தைப் பார்க்கிறாள். சொல்லக் கூச்சம். மூலம் என்று தானே முடிவுகட்டி, துத்தி இலையை வதக்கித் தின்கிறாள், கருணைக்கிழங்கு மசிக்கிறாள். மூலமென்று நம்பி அங்கே கத்தி வைத்தால் புண் எளிதில் ஆறாது. முன்சுவரில் சதை கிள்ளிச் சோதிப்பதுகூட ஓட்டை விழக் காரணமாகலாம்; விழுந்தால் மலம் பிறப்புறுப்பு வழியே கசியும்.

மும்பை டாடா நினைவு மையத்தின் சுப்ரியா சோப்ரா குழு 300 பெண்களிடம் நடத்திய பார்சர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. கர்ப்பப்பை எடுத்த பின் கதிர்வீச்சு பெற்றவர்கள் அவர்கள். பழைய முப்பரிமாண முறையில் மூன்றாண்டுக்குள் 42 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது கடுமையான குடல் பாதிப்பு. படம் பார்த்துக் கதிரைச் செதுக்கிச் செலுத்தும் முறையில் 21. நோயை அடக்குவதில் இரண்டும் ஒன்றே. பாதியாகக் குறைத்தது பெரிய காரியம். ஆனாலும் புது முறையிலேயே ஐந்தில் ஒருத்திக்கு வருகிறது. பிழைத்தவர் எத்தனை என்று மட்டும் எண்ணினால் அவள் கணக்கில் வருவதேயில்லை.

கருவியைவிடக் கைப்பக்குவம் பேசும் இடமும் உண்டு. உள்ளே குழாய் வைக்கும்போது துணிச்சுருளைத் திணித்து மலக்குடலைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். சில மில்லிமீட்டர் விலகினாலே அங்கே விழும் கதிர் வெகுவாகக் குறையும். அவசரத்தில் தளர்வாகத் திணித்தால் அதன் விலையை அவள் பின்னால் கொடுக்கிறாள்.

ரத்தக்கசிவு வந்துவிட்டால் மருந்தும் இருக்கிறது. வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டைக் கரைத்து எனிமாவாக ஏற்றினால், சல்ஃபாசலசின் மாத்திரையும் ஸ்டீராய்டு எனிமாவும் சேர்த்துத் தருவதைவிட நன்றாகக் கேட்கிறது என்று சண்டிகரில் ராகேஷ் கோச்சர் குழு 1991இலேயே காட்டியது. விலை குறைந்த மருந்துதான். அதற்கும் நிற்காத ரத்தத்துக்கு ஆர்கான் வாயுச் சூடும் ஃபார்மலினும் உண்டு.

இத்தனையும் அவளுக்குக் கிடைப்பது, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இரண்டு வரி இருந்தால்தான்: ஒரு வருஷம் கழித்து ரத்தம் வந்தாலும் இங்கே வா; வேறெங்கு போனாலும் கரண்ட் வைத்ததை முதலில் சொல்.