ஊர் தந்த பெயரும் சாதி தந்த வாலும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையோரம் மணவிழாப் பதாகைகள் காற்றிலாடுகின்றன. மணமகன் பொறியாளன், மணமகள் பட்டதாரி. ஆயினும் பெற்றோர் பெயருக்குப் பின்னே சாதி வால் நீண்டு கிடக்கிறது. "ஏன் இந்த வால்?" என்றால், விடை ஆயத்தமாக வருகிறது: "வெள்ளைக்காரன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவில்லையா? ஸ்மித் என்றால் கொல்லன்தானே!"

வலிவுள்ள வாதம்போல் தோன்றுகிறது. தோற்றங்கண்டு மயங்காமல் வரலாற்றைப் புரட்டுவோம்.

1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தில், அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர்க்கு ஒற்றைப் பெயரே இருந்தது. ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி தண்டுவோன் யாரைப் பிடிப்பான்? எனவே அடையாளம் சேர்ந்தது. இரும்படித்தவன் ஸ்மித், அம்பு செய்தவன் பிளெட்சர், ஜானின் மகன் ஜான்சன், குன்றருகே குடியிருந்தவன் ஹில். முதலில் ஆளோடு வந்து ஆளோடு போன அடைமொழிகள், 1400-ஐ ஒட்டிப் பெரும்பாலான குடும்பங்களில் நிலைத்துவிட்டன.

அங்கே பிரபுவும் பண்ணையடிமையும் இருந்தனர்; மறுக்கவில்லை. ஆனால், ஸ்மித் என்ற சொல் அவன் யாரை மணக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று விதிக்கவில்லை. தாட்சர் என்றால் கூரை வேய்பவர். அப்பெயர் தாங்கிய மளிகைக் கடைக்காரர் மகள், 1979 முதல் 1990 வரை பிரிட்டனின் தலைமையமைச்சராக இருந்தார். 'கூரை வேய்வோர் குலத்துக்குக் கோலோச்சும் உரிமை உண்டா?' என்று கேட்க அங்கே சாத்திரம் இல்லை.

நம் சாதிப் பட்டமோ குடும்பத்தைக் காட்டுவதன்று. ஏணியில் எந்தப் படி என்பதைக் காட்டுவது. அடிப்படியில் நிறுத்தப்பட்டவனுக்குப் பெருமைப் பட்டமே கிடையாது. அந்த இல்லாமையே அவனைக் காட்டிக்கொடுத்தது. ஸ்மித்தையும் இதனையும் ஒரே தட்டில் வைப்பது ஒப்பீடா? ஓட்டைத் தராசு!

ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு இணை தேடுவோர்க்கு, இம்மண்ணிலேயே ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலுள்ள வாஷிங்டன் என்னும் ஊர், அமெரிக்க முதற் குடியரசுத் தலைவரின் குடும்பப் பெயராயிற்று. அதுபோல, திருச்செங்கோட்டருகேயுள்ள குமாரமங்கலம் என்னும் ஊரும் குடும்பப் பெயராயிற்று. அவ்வூர் ஜமீன்தார் சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். சாதி கடந்து ராதாபாயை மணந்தவர். பிள்ளைகளின் பெயரில் சாதி வரவில்லை, ஊர் வந்தது. 1966 முதல் 1969 வரை இந்தியப் படைத்தலைவராயிருந்தவர் ஜெனரல் குமாரமங்கலம். அவர் தம்பி, ஒன்றிய அமைச்சராயிருந்த மோகன் குமாரமங்கலம்.

சாதி வாலினும் ஊர்ப்பெயர் மேல், ஐயமில்லை. ஆயினும் இங்கே இரு குறை காண்கிறோம். ஊர் எல்லோர்க்கும் பொது. ஆனால் ஏர் பிடித்தவனுக்கன்றி, ஏடு பிடித்த ஜமீன் வீட்டுக்கே ஊரின் பெயர் உரிமையாயிற்று. இரண்டாவது, அவ்வீட்டு மகள் பொதுவுடைமைத் தலைவராக விளங்கியபோது, பார்வதி கிருஷ்ணன் என்று கணவர் பெயரே சேர்ந்தது. ராபர்ட்ஸாகப் பிறந்த பெண்மணி தாட்சரானதும் அப்படியே. கணவன் பெயருக்குள் மனைவி கரைவது சீமையிலும் சிறப்பன்று.

எனவே, வெள்ளையனைப் பார்த்து வால் வளர்க்கவும் வேண்டா. அவன் வழக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளவும் வேண்டா. 1927-ல் பெரியார் தம் பெயரினின்று 'நாயக்கரை' நீக்கினார். 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டம் துறக்கச் சொன்னது. 1944-ல் இதே சேலத்தில், வெள்ளையராட்சி தந்த 'ராவ் பகதூர்' போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டுமென்று அண்ணாவின் தீர்மானம் ஆணையிட்டது. பெயரின் பின்னொட்டு எசமானன் இட்ட முத்திரையானால் அது பெருமையன்று, தளை. இதுவே அம்மாநாடுகள் கண்ட உண்மை.

தன் பெயர், தந்தையின் ஓரெழுத்து, தாயின் ஓரெழுத்து. இவை போதும் மனிதனை அறிய. பிறந்த பிள்ளைக்குப் பெயரெழுதும்போதும், மணவிழாப் பதாகை அச்சிடும்போதும், இளைஞனே, பேனா உன் கையில். வெட்டுவாயா, வளர்ப்பாயா?