வில்வால் பூச்சியும் அரைகுறை விவரிப்பும்

ஐப்பசி, கார்த்திகை மழை சற்று ஓய்ந்த காலையில் விழுப்புரம் – திண்டிவனம் சாலையோரத் தோப்பு எதிலாவது இறங்கி, மக்கிய சருகில் ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் உதறிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள சிற்றுயிர்கள் சிதறி ஓடும். விரலை நீட்டினால் தெறித்து விழும். வெட்டுக்கிளியைப் போல் இவை காலால் தாவுவதில்லை. வயிற்றின் அடியில் மடித்துக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கும் கவட்டை போன்ற வாலை விடுவித்து, அதனால் தரையை அறைந்து எழும்புகின்றன. வில்வால் பூச்சி என்பது இதனால்தான். அறிவியலார் இட்ட பெயர் கொலம்போலா. பெயரிட்டவர் ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர். 1871-ல் பிரிட்டனில் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே!

பூச்சி என்று வழக்குப் பற்றிச் சொல்கிறோம். ஆறு கால்கள் இருந்தாலும், வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருப்பதாலும் வயிற்றில் ஆறு கண்டங்களே இருப்பதாலும் இன்று இவற்றைத் தனி வகுப்பாகவே வைக்கின்றனர். 'இறக்கையற்ற பூச்சிகள்' என்ற பழைய தலைப்பில் இவற்றை அடைத்து வைக்கும் பாடநூல் உங்கள் கையில் இருந்தால் அந்த வரியைத் திருத்திப் படியுங்கள். இவை மிகப் பழங்குடியினர். ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள வில்வாலை 1926-ல் விவரித்த இருவருள் ஒருவர் வங்காளத்தில் பிறந்த சமரேந்திர மௌலிக். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களுக்கோ வயது சுமார் 2 கோடி ஆண்டுதான்.

சரி, பிடித்துவிட்டீர்கள். இது எந்தச் சிற்றினம்?

பேரினம் வரை வருவது கடினமன்று. நாலாம் வயிற்றுக் கண்டம் மூன்றாவதைவிட மிக நீண்டிருக்கிறதா? உடலில் செதில் உண்டா? தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டுச் சிறு கண்கள் உண்டா? வால் நுனியில் இரு பற்கள் உண்டா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் பெரும்பாலும் லெபிடோசிர்ட்டஸ் பேரினத்தை அடைவீர்கள். கண்ணே இல்லாமல், வெள்ளையாய், எறும்புப் புற்றிலோ கறையான் புற்றிலோ கிடைத்ததென்றால் சைஃபோடெரஸ் ஜவானஸ் நினைவுக்கு வரவேண்டும். 1906-ல் ஜாவாவிலிருந்து விவரிக்கப்பட்ட இது இந்தியாவிலும் பரவலாக உண்டு. ஆனால் லெபிடோசிர்ட்டஸில் எது என்று கேட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். உலகில் அதற்கு 200-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. நம் நாட்டுச் சிற்றினங்களின் பழைய விவரிப்புகளைப் புரட்டினால், "நிறம் மஞ்சள், ஓரங்களில் நீலம்" என்ற பாணியிலேயே பலவும் போகின்றன.

குறை யாருடையது? முன்னோடிகளைக் குறை சொல்வது நியாயமன்று. அலகாபாத்தில் பேராசிரியராக இருந்த இம்ஸ், 1912-ல் இந்தியா, பர்மா, இலங்கை வில்வால்களைப் பற்றி எழுதினார். கீழ்த்திசைச் சிற்றினங்கள் அனைத்துக்கும் ஒரு பட்டியலும் தந்தார். (1925-ல் புகழ்பெற்ற பூச்சியியல் பாடநூலை எழுதிய இம்ஸ் இவரேதான்.) அன்றைய வழக்கப்படி நிறம், உணர்கொம்புக் கணுக்களின் நீளம், நகத்தின் பற்கள், வால் நுனி ஆகியவற்றை அவர் பார்த்தார். அக்காலத்துக்கு அது சிறந்த வேலை. 1929-ல் ஹான்ட்ஷின் தென்னிந்திய வில்வால்களை விவரித்தார். ஜெனீவாவைச் சேர்ந்த கார்லும் அவருடைய தோழர் எஷரும் மலைப்பகுதிகளில் திரட்டிச் சென்றவை அவை. 1971-ல் பிரபு தென்னிந்திய மண், சருகு, மரப்பட்டை, பாசி ஆகியவற்றில் வாழும் வில்வால்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் இத்துறைக்குள் நுழைபவர் முதலில் படிக்க வேண்டியவை.

இதற்கிடையே ஐரோப்பாவில் பார்வையே மாறிவிட்டது. ஜெனீவாவின் கிசின் 1960-களில், லெபிடோசிர்ட்டஸை நிறத்தை விட்டு மயிரைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்று காட்டினார். 1979-ல் போலந்தின் ஷெப்டிட்ஸ்கி, இக்குடும்பத்தின் முதுகு மயிர்கள் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு ஒரு வரைபட முறையையே வகுத்தார். எந்த மயிர் இருக்கிறது, எது இல்லை, எது நீண்டது என்பதே இன்று ஒரு சிற்றினத்தின் அடையாளச் சீட்டு. நிறம் ஆல்கஹாலில் வெளுக்கும். செதில் தொட்டால் உதிரும். மயிர் உதிர்ந்தாலும் அது இருந்த குழி மிஞ்சும். நிறம் பயனற்றது என்று சொல்லவில்லை. மயிர் அமைப்போடு சேர்த்துச் சொன்னால் அது சான்று, தனித்துச் சொன்னால் வெறும் தோற்றம்.

ஆகவே நம் விமர்சனம் 1912-ன் மீதன்று. ஷெப்டிட்ஸ்கிக்குப் பின்னும் மயிர் வரைபடம் இல்லாமல், ஒன்றிரண்டு மாதிரிகளைக் கொண்டு, "முந்தைய சிற்றினத்தினின்று நிறத்தால் வேறுபடுகிறது" என்று புதுப் பெயர் சூட்டுவதன் மீதுதான். அனைத்துலக விலங்குப் பெயரிடு விதிகள் இதைத் தடுப்பதில்லை. வேறுபடுத்துவதாகக் 'கருதப்படும்' பண்புகளைச் சொற்களில் கூறினால் போதும் என்கின்றன அவை. 1999-க்குப் பின் வெளிவரும் பெயருக்கு மூல மாதிரியைச் சுட்டி, அது எங்கு வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே வேறுபடுகிறதா என்று எந்த விதியும் கேட்பதில்லை! கேட்க வேண்டியவர்கள் இதழாசிரியர்களும் நாமும்தான்.

இன்னொரு கண்ணி உண்டு. வில்வால் பூச்சி பருவமடைந்த பிறகும் தோலுரித்துக்கொண்டே இருக்கும். குஞ்சுக்கு மயிர்கள் குறைவு. ஒரே சிற்றினத்தின் இளையதும் முதியதும் இரு பெயர்கள் பெற இது போதாதா? மறுபுறம், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் சிற்றினம் பலவாகவும் இருக்கலாம். பாரிசோடோமா நோட்டாபிலிஸ் முதலிய மிகச் சாதாரணமான வில்வால்களிலும் டி.என்.ஏ. தனித்தனிக் கிளைகளைக் காட்டியதாக 2012-ல் ஆய்வு வந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். திண்டிவனத்தருகே ஒரு மல்லாட்டைக் கொல்லையில் குருணை மருந்து போடுவதற்கு முன்னும் பின்னும் வில்வால்களை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு இருந்தது, நூறே இருக்கிறது. 'பாதிப்பில்லை' என்று எழுதிவிடலாம். அந்த நூறில் இரு சிற்றினங்கள் இருந்து, ஒன்று அழிந்து மற்றது பெருகியிருந்தால்? இரண்டையும் ஒரே பெயரில் எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. சோதனைக் கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஃபோல்சோமியா காண்டிடா என்ற கண்ணற்ற வெள்ளை வில்வாலை மருந்து கலந்த மண்ணில் 28 நாள் விட்டு, எத்தனை குஞ்சுகள் என்று எண்ணுகிறார்கள். கொல்லையில் இருப்பவை எவை என்று சொல்லத் தெரிந்தால்தான் அந்தக் கணக்கு இங்கே செல்லுமா என்று பேசவே முடியும்.

இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட வில்வால் சிற்றினங்கள் பட்டியலில் உள்ளன. உலகில் 9,000-க்கு மேல். அவற்றுள் பழைய பெயர்கள் பலவற்றை, முதலில் பிடித்த இடத்துக்கே போய் மீண்டும் பிடித்து, மயிர் எண்ணி, மறுவிவரிப்பு எழுதவேண்டியிருக்கிறது. புதுப் பெயரைப் போல இது பெருமை தராது. ஆனால் பத்துப் புதுப் பெயர்களைவிடப் பயன் தரும் என்பது என் துணிபு.

நீங்கள் தொடங்க விரும்பினால் ஒரு தகரப் புனல், சல்லடைத் துண்டு, 40 வாட் குண்டு பல்பு, கீழே ஆல்கஹால் சீசா ஆகியவை போதும். சருகைச் சல்லடையில் இட்டு மேலே விளக்கெரித்தால், வெப்பத்துக்கு அஞ்சிக் கீழிறங்கும் வில்வால்கள் சீசாவில் விழும். பாதியை 70 சதவீத ஆல்கஹாலிலும், டி.என்.ஏ.வுக்காக மீதியை 95 சதவீதத்திலும் வையுங்கள். உயிரோடிருக்கையிலேயே நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டில் 'விழுப்புரம் மாவட்டம்' என்று மட்டும் எழுதினால் அது செல்லாக் காசு. ஊர், தோப்பின் வகை, எத்தனை செ.மீ. ஆழம், நாள், திரட்டியவர் எல்லாம் வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.