நீங்கலும் விளியும்: ‘உயிரே’ பாடல் தொகுப்பில் காதலின் படிநிலைகள்

மொழிமாற்றுப் படத்துக்குப் பாட்டெழுதுபவர், கேட்போர் மூலமொழி அறியாதவர் என்னும் எடுகோளின் மீதே எழுதுகிறார். தமிழ்நாட்டில் இவ்வெடுகோள் பெரும்பாலும் பொருந்தும். வட, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமான மாயாபந்தரில் அது பொருந்தாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். அவர்களும் வங்காளிகளும் தெலுங்கரும் கரேன் மக்களும் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோரும் ஒருவரோடொருவர் பேசும் பொதுமொழி இந்தி. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இந்தியும் வழங்கும் செவிக்கு மூலமும் பெயர்ப்பும் ஒருசேர எட்டும். அத்தகைய செவியை அளவுகோலாகக் கொண்டு, 1998இல் வெளிவந்த ‘தில் சே’ பாடல் தொகுப்பையும் அதன் தமிழ் வடிவமான ‘உயிரே’யையும் ஒப்பிட்டு நோக்கலாம்.

மணிரத்னம் இயக்கிய அப்படத்துக்கு இசை ஏ. ஆர். ரகுமான், பாடல்கள் இந்தியில் குல்சார், தமிழில் வைரமுத்து. அரபு, பாரசீக மரபு வழியே உருதுவில் நிலைபெற்ற காதலின் ஏழு நிலைகள் இந்தித் தொகுப்புக்கும் கதைக்கும் அடிச்சட்டமாக அமைந்தன என்பது பரவலாக அறியப்பட்டது. ஈர்ப்பு, பற்று, காதல், நம்பிக்கை கலந்த மதிப்பு, வழிபாடு, பித்து, மரணம் என்பது அவ்வரிசை. தொகுப்பின் உச்சமான ‘சத்ரங்கி ரே’ (ஏழு நிறத்தவளே) பாடலில் உன்ஸ், இஷ்க், ஜுனூன், மவுத் ஆகிய சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கேட்பவரைப் படியேற்றுகின்றன. மூலத்தில் இப்படிநிலையைச் சுமப்பது சொற்றொகுதி. தமிழில் அச்சுமை எதன் மீது ஏறியது?

தலைப்புகளே விடை தருகின்றன. ‘தில் சே’ என்பது ‘நெஞ்சிலிருந்து’. நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமை நீங்கற்பொருள். ‘உயிரே’ விளி. ‘தில் சே ரே’ ‘சந்தோஷக் கண்ணீரே’ ஆயிற்று. ‘சத்ரங்கி ரே’ ‘என்னுயிரே’ ஆயிற்று. இந்தியில் ‘ரே’ தனித்து நிற்கும் விளி இடைச்சொல். தமிழில் அதே ஒலி, பெயரின் ஈற்று ரகரமும் விளி ஏகாரமும் கூடிப் பிறக்கிறது. வாயசைவும் மெட்டும் கேட்ட ஒலியைத் தமிழ் இலக்கணத்தின் உள்ளிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறார் வைரமுத்து. ‘ஜியா ஜலே’ (உயிர் எரிகிறது) ‘நெஞ்சினிலே’ ஆனதும் இவ்வாறே. ஆனால் அங்கே வரும் ஏகாரம் விளியன்று, ஏழாம் வேற்றுமை உருபின் மேல் ஏறிய அசை. ஓசை ஒன்று, இலக்கணம் இரண்டு.

இத்திறம் பாராட்டத்தக்கதே. எனினும் இதற்கு ஒரு விலை உண்டு. காதலியை ‘என்னுயிரே’ என்று முதலிலேயே விளித்துவிட்டால் ஏறுவதற்குப் படி ஏது? மூலத்தில் ஏழு என்னும் எண் விளியிலேயே இருந்து வரவிருக்கும் நிலைகளை அறிவித்தது. தமிழ் விளியில் அது இல்லை.

இழப்பு மிகுதியாகத் தெரிவது ‘ஏ அஜ்னபி’ பாடலில். தலைப்பே ‘அந்நியரே’ என்னும் விளி. எங்கிருந்தேனும் குரல் கொடு என்பது வேண்டுகோள். கதைத்தலைவன் வானொலியில் பணியாற்றுபவன். தலைவி வடகிழக்கிலிருந்து ஆறாத காயத்தோடு வந்தவள். ஆகவே ‘அந்நியர்’ என்ற சொல் காதலின் தொடக்க நிலையை மட்டும் குறிக்கவில்லை; நாட்டின் நடுவிடம் ஓரத்தை எவ்வாறு பார்க்கிறது என்பதையும் குறிக்கிறது. தமிழில் அது ‘பூங்காற்றிலே’. விளி மறைந்து இடப்பொருள் வந்தது. அந்நியர் மறைந்து, காற்றில் காதலியின் மூச்சைத் தேடும் தலைவன் வந்தான். தென்றலைத் தூதுவிட்ட மரபில் வந்த தமிழ்ச் செவிக்கு இது இயல்பான, அழகான மாற்று. வானொலி அலையையும் காற்று குறிக்கும் என்று வாதிடவும் கூடும். ஆயினும் அரசியல் காற்றோடு போயிற்று. தமிழ் மட்டும் அறிந்தவர் இவ்விழப்பை உணர வழியில்லை.

மாறாக ‘நெஞ்சினிலே’ பாடலில் எரிதல் போய் ஊஞ்சலும் நாணமும் வந்தன. இது இழப்பன்று. களவொழுக்கத்தின் நிலைகளைத் தொல்காப்பியர் தொகுத்துரைக்கும்போது வேட்கையில் தொடங்கி, இடையறாது நினைத்தல், மெலிதல், நாணத்தின் எல்லையைக் கடத்தல், காண்பதெல்லாம் காதலராகவே தோன்றல், மயக்கம் எனச் சென்று சாக்காட்டில் முடிக்கிறார். உருது வரிசையும் சாவில்தான் முடிகிறது. ஆனால் நாணம் அங்கே ஒரு படியன்று. அப்படியைத் தமிழ்ப் பாடல் தன் மரபிலிருந்து இட்டு நிரப்பிக்கொண்டது. (இடையே வரும் மலையாளக் குழுப்பாடல் இரு வடிவங்களிலும் உண்டு. இந்திக்காரருக்கு அது வெறும் ஓசை. தமிழருக்குப் பாதி புரியும் உறவுமொழி.)

தொல்காப்பிய வரிசையில் இல்லாதது வழிபாடு. ‘சத்ரங்கி ரே’யில் தலைவன் நெற்றி நிலம்படத் தொழுகிறான், காலிபின் புகழ்பெற்ற ஈரடி ஒன்றும் ஊடே ஒலிக்கிறது. மேற்கோளுக்கு ஈடு மேற்கோளே. அதற்குத் தமிழில் இடமில்லாமல் இல்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இறைமையை மனோன்மணி என்னும் பெண்ணாக்கிப் பித்தும் வழிபாடும் பிரிக்க இயலாதபடி கண்ணிகள் பாடியவர். இபாதத்து, மௌத்து ஆகிய சொற்கள் தமிழ் முஸ்லிம்களின் வீடுகளில் இன்றும் புழங்குபவை. சூஃபிச் சுவைக்காகத் தமிழ் எதையும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டின் இன்னோர் அறையைத் திறந்திருந்தாலே போதும். புல்லே ஷாவின் பஞ்சாபிப் பாடலை நினைவூட்டும் ‘தையா தையா’வை மட்டும் தமிழ்த் தொகுப்பு அப்படியே ஏற்றது. குல்சாரின் ‘சய்யா’வில் இருந்த நிழல் அங்கே விலகி, கூத்தின் தாளச்சொல் நிற்கிறது. இருமொழியும் அறிந்த மாயாபந்தர்க் கேட்பவர் நிழலிலும் நடக்கலாம், தாளத்துக்கும் ஆடலாம்.